கரிசல் காட்டில் லாரி யார்டு: கான்கிரீட் தளம் போடத் திட்டமிட்ட அனுபவம்

லாரி நிறுத்தத் தளம் போடப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை இஞ்ச் கனம்?" என்பதுதான். ஆறு போதும் என்பார் ஒருவர், பத்து போடு என்பார் இன்னொருவர். கனத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். எந்த வண்டி எங்கே நிற்கும், அதன் அடியில் என்ன மண் இருக்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் கனம் என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும். எட்டயபுரம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரு ஏக்கர் புஞ்சையில் யார்டு போட்டபோது நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர்கள், உப்பும் சிமெண்ட்டும் ஏற்றும் டாரஸ் வண்டிகள் எல்லாம் நிற்கிற இடம் அது. நிலம் சுத்தமான கரிசல்.

பத்திரம், நில வகை மாற்றம், அனுமதி எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். பாதியில் வேலை நின்று, கொட்டிய கிராவல் மழையில் கிடந்தால் செய்த செலவு வீண்.

முதல் வேலையாக நாங்கள் செய்தது, வண்டியையே நிலத்துக்குக் கொண்டுவந்ததுதான். பங்குனியில் நிலம் காய்ந்து இறுகிக் கிடந்தபோது, எங்களிடம் நெடுநாளாக ஓட்டும் டிரைவர் அண்ணனிடம் 40 அடி டிரெய்லரைக் கொடுத்து, கேட் வரப்போகும் இடத்திலிருந்து உள்ளே வந்து, ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, மறுபடி வெளியே போகச் சொன்னோம். பின்னாலேயே தம்பி சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டு போனான். காகிதத்தில் போட்டிருந்த வரைபடம் அன்றைக்கே மாறியது. பின்சக்கரம் முன்சக்கரத் தடத்தை விட்டு எவ்வளவு உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது என்பது கண்ணால் பார்த்தால்தான் புரியும். "கேட்டை இன்னும் பத்தடி தள்ளி வையுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் மூலையில ஏத்தித்தான் ஆகணும்" என்றார் அண்ணன். கான்கிரீட் தளம் உடையும் இடமே மூலையும் ஓரமும்தான்.

இதற்குக் காரணம் எளிது. கான்கிரீட் தளத்தை ஒரே துண்டாகப் போடாமல், பலகை எனப்படும் துண்டுகளாகப் பிரித்துப் போடுவோம். பலகையின் நடுவில் சக்கரம் நின்றால் பாரம் நாலாபக்கமும் பரவும். ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் தாங்க ஆளில்லை. அதே சக்கரம் அணைப்பில்லாத ஓரத்துக்கு வரும்போது, நடுவில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இழுவிசை கான்கிரீட்டில் உண்டாகும். அதனால் வண்டி நிற்கும் வரிசைகளை 15 அடி அகலத்துக்குப் பிரித்தோம். ஒரு வரிசைக்கு ஒரு வண்டி, வரிசைகளுக்கு நடுவில் ஜாயிண்ட், அதாவது பலகையும் பலகையும் சந்திக்கும் கோடு. வண்டி எட்டரை அடி அகலம். வரிசையின் நடுவில் நிறுத்தினால் சக்கரம் ஜாயிண்டிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளியே நிற்கும். ஆறு வரிசைக்கு 90 அடி. நீளம் 135 அடி. அதாவது 15 அடிச் சதுரப் பலகைகள் 54. மொத்தம் 12,150 சதுர அடி, கிட்டத்தட்ட 28 சென்ட். மீதி நிலத்தில் வேலை இல்லாத வண்டிகள் கிராவல் தரையில் நிற்கட்டும் என்று விட்டோம். ஏக்கர் முழுக்கக் கனம் குறைவாகப் போடுவதைவிட, தேவையான இடத்தில் சரியாகப் போடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி எடையைக் கணக்கெடுக்கும்போது மொத்த எடையைப் பார்க்காதீர்கள், அச்சு எடையைப் பாருங்கள். 2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டி நடத்திய சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த பாடம், தளத்துக்கு வரும் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்குக்கு ஒட்டி உயர்கிறது என்பது. அந்தக் கணக்கில் எடை 13 சதவீதம் கூடினால் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. பழைய யார்டுகளைப் பார்த்து, "அவர்கள் ஆறு இஞ்ச் போட்டார்கள், இருபது வருஷமாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அன்றைக்கு வந்த வண்டி வேறு, இன்றைக்கு வரும் வண்டி வேறு.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இழுவை வண்டியைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் அதன் முன்கால்களில் நிறுத்திவிட்டுப் போவது வழக்கம். கன்டெய்னர் உச்சபட்சமாக 30.48 டன் வரை இருக்கலாம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பாரம் அந்த இரண்டு கால்களில் இறங்கும். ஒரு காலுக்கு ஆறேழு டன். காற்று அடைத்த டயர் கொஞ்சமாவது பரவி உட்காரும், இந்தக் காலின் பாதமோ ஒரு சதுர அடிகூட இருக்காது. அதுவும் இரும்பு. வெயில் நாளில் தார்த் தளத்தில் அப்படியே இறங்கிவிடும். தாரை விட்டுவிட்டுக் கான்கிரீட்டுக்கு நாங்கள் போனதற்கு முதல் காரணம் இதுதான். டீசலும் ஆயிலும் சொட்டினால் தார் கரைந்து ஜல்லி பெயர்வது இரண்டாவது காரணம். கால் இறங்கும் இடம் பலகையின் நடுவில் வருகிற மாதிரி நிறுத்தக்கோடு போட்டோம். டிரைவர்கள் காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைப்பதையும் பழக்கப்படுத்திக்கொண்டார்கள்.

இனி மண். இந்தப் பகுதிக்கு இதுதான் உயிர்நாடி.

கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் எங்கள் நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண், தளத்துக்கு அப்படியில்லை. மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது மேல் மண்ணை வாரிக் கொடுக்காமல், நாலைந்து அடிக்குக் குழி வெட்டி, இடத்துக்கு இடம் எடுக்கச் சொல்லுங்கள். மண்ணின் தாங்கு திறனைக் குறிக்கும் சிபிஆர் என்ற எண்ணை, மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகு எடுக்க வேண்டும். காய்ந்த கரிசல் கல் மாதிரி நல்ல எண்ணைக் காட்டும். ஊறிய பிறகு எங்களுக்கு வந்தது 2 சதவீதம். பக்கத்தில் ஒரு யார்டில் இந்தச் சோதனையே செய்யாமல், காய்ந்த தரையில் ரோலர் ஓட்டி, எட்டு இஞ்ச் கான்கிரீட் போட்டிருந்தார்கள். கான்கிரீட்டில் குறையில்லை. முதல் ஐப்பசி கார்த்திகையில் ஓரங்கள் தூக்கிக்கொண்டன, அடுத்த கோடையில் இறங்கின, பலகைகள் நடுவில் பிளந்தன. ஓரத்து மண்தான் முதலில் நனையும், முதலில் காயும். நடுமண் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம்தான் பலகையை ஒடிக்கிறது.

"ரெண்டு அடி தோண்டிட்டு கிராவல் கொட்டிருவோம்" என்பது எல்லோரும் சொல்லும் வழி. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் இறங்காத கரிசல், நடுவில் தண்ணீர் சுலபமாக இறங்கும் சரளை. மழை பெய்தால் அந்தப் பள்ளம் தொட்டியாகிவிடும். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அடிக்கரிசலை மாதக்கணக்கில் ஊறவைக்கும். எங்கள் இன்ஜினியர் இதை விளக்கியபோது, இது தெரியாமல் எத்தனை யார்டு வீணாகியிருக்கும் என்றுதான் தோன்றியது.

நாங்கள் செய்தது இது. வேரும் பொலபொலத்த மண்ணும் உள்ள மேல் இரண்டடியை எடுத்தோம். பள்ளத்தின் அடியையே ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்து ரோலர் ஓட்டினோம். வெறும் சரளையைத் தவிர்த்து, ஊதாத களி கொஞ்சம் கலந்த செம்மண் கிராவலாகப் பார்த்து எடுத்தோம். அது இறுகினால் தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது. தாழ்ந்த பக்கத்தில் ஜல்லிக்குள் துளை போட்ட பிவிசி குழாய் பதித்து வாய்க்காலில் விட்டோம். நிரப்பிய மண் தளத்தின் ஓரத்தோடு நிற்காமல் ஐந்தடி வெளியே நீண்டது. ஓரத்தில் வரும் ஊதலும் சுருங்கலும் அந்த ஐந்தடிக்குள்ளேயே தீர்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. தளமும் சுற்றியுள்ள காட்டைவிட ஒன்றரை அடி உயரமாக வருகிற மாதிரி மட்டம் வைத்தோம். நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. வேரோடு பொக்லைன் வைத்து எடுத்தோம். வெட்டிவிட்டு மேலே மண் போட்டால் தூர் மக்கி உள்ளே பொந்து விழும். தளத்து ஓரத்தில் இனி மரம் வைக்க வேண்டாம் என்பதிலும் கறாராக இருந்தோம். பெரிய மரம் கோடையில் கரிசலின் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்தை மட்டும் இறக்கிவிடும். நிழலுக்கு வைத்தவை எல்லாம் வேலி ஓரத்தில், தள்ளியே இருக்கின்றன.

கிராவலை ஒரே தடவையில் கொட்டி மேலே ரோலர் ஓட்டுவதில் பயனில்லை. எட்டு இஞ்ச் பரப்பி, தண்ணீர் தெளித்து, இறுக்கி, அதன் மேல் அடுத்தது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. கடைசி அடுக்கு முடிந்ததும் லோடு ஏற்றிய டாரஸை நடை வேகத்தில் வரிசை வரிசையாக ஓட்டி, பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனோம். சக்கரம் போகும்போது மண் அமுங்கி, போன பிறகு எழும்பினால் அந்த இடத்தில் ஈரம் சிக்கியிருக்கிறது என்று பொருள். அப்படி இரண்டு இடம் அகப்பட்டது. தோண்டி எடுத்து மறுபடி நிரப்பினோம். பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைவிட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன். காசும் அதிகம் ஆகாது.

மண் வேலை முடிந்த பிறகு, ஆறு இஞ்ச் வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்து பரப்பி இறுக்கும் ஜல்லிக் கலவை), அதன் மேல் நான்கு இஞ்ச் சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட், அதன் மேல் தடித்த பாலிதீன் தாள், அதன் மேல்தான் தளம். பாலிதீனுக்கு இரண்டு வேலை. புதுக் கான்கிரீட்டின் சிமெண்ட் பால் கீழே இறங்காமல் தடுக்கிறது, பலகை சுருங்கும்போது அடித்தளத்தோடு ஒட்டிப் பிளக்காமல் நகர இடம் கொடுக்கிறது.

இப்போது கனம். 12,150 சதுர அடிக்கு ஆறு இஞ்ச் போட்டால் சுமார் 172 கன மீட்டர், எட்டு இஞ்ச் போட்டால் 229. கான்கிரீட் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் வளைவைத் தாங்கும் திறன் கனத்தின் வர்க்கமாக உயர்வதால் கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுகிறது. இந்த ஒரு கணக்கைப் பார்த்ததும் எட்டு என்று முடிவாயிற்று. தரம் எம் 35; இந்த எண் கூடக் கூட கான்கிரீட்டின் வலிமை கூடும். வீட்டுக்குப் போடும் எம் 20 கலவையை லாரிச் சக்கரத்துக்கு அடியில் போடச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கம்பி விஷயத்தில்தான் பெரிய விவாதம் நடந்தது. "என்ன அண்ணாச்சி, கம்பி கட்டாம கான்கிரீட்டா? லாரி ஏறினா அப்பளம் மாதிரி நொறுங்கிரும்" என்றார் மேஸ்திரி. முப்பது வருஷம் கான்கிரீட் கூரை போட்டவர், அவர் பயம் நியாயமானது. கூரை அந்தரத்தில் நிற்கிறது, அதைக் கம்பிதான் தூக்கிப் பிடிக்கிறது. இந்தத் தளம் தரையில் படுத்திருக்கிறது. இங்கே மெல்லிய வலைக்கம்பி போட்டாலும் பாரம் தாங்கும் திறன் பெரிதாகக் கூடாது. விழுந்த வெடிப்பு அகலமாகாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. அதற்கும் அது மேல்பாதியில் இருக்க வேண்டும். நடைமுறையில் ஆட்கள் மிதித்து மிதித்து அடியில் போய்க் கிடக்கும். ஜாயிண்ட்களைப் பதினைந்து அடிக்குள் வைத்தால் வெடிப்பு அந்த ஜாயிண்டுக்குள்ளேயே விழும், வலைக்கம்பி தேவைப்படாது. எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்பு லாரிகளிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர். அது உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கவைத்தால், துரு ஊதிக் கான்கிரீட்டையே பெயர்த்துவிடும். கம்பி இல்லாத இடத்தில் துருவும் இல்லை. அந்தப் பணத்தைக் கனத்தில் போட்டோம்.

ஆனால் ஜாயிண்டில் கம்பி வேண்டும். வண்டி ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் போகும் குறுக்கு ஜாயிண்டில் 25 மி.மீ. வழவழப்பான உருண்டைக் கம்பி, ஓர் அடிக்கு ஒன்று. பாரத்தைப் பக்கத்துப் பலகையோடு பகிர்வது இதன் வேலை. பலகை சுருங்கி நகர வேண்டுமென்பதால் பாதி நீளத்துக்குக் கிரீஸ் தடவியோ உறை போட்டோ விட வேண்டும், எல்லாக் கம்பியும் ஒரே மட்டத்தில் நேராக இருக்க வேண்டும். கம்பிக் கடைகளில் முறுக்குக் கம்பிதான் சுலபமாகக் கிடைக்கும், "இதுவே போதும்" என்று கொடுக்கப் பார்ப்பார்கள். முறுக்குக் கம்பி பலகையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், நகர விடாது. பிளெயின் ராடு என்று கேட்டு வாங்குங்கள். உப்புக்காக எபாக்சி பூச்சும் கொடுத்தோம். வரிசைகளுக்கு நடுவில் உள்ள நீள ஜாயிண்டில் பலகைகள் விலகிப் போகாமல் பிடித்துவைக்க வேண்டும், அங்கே 12 மி.மீ. முறுக்குக் கம்பிதான் சரி.

தண்ணீர் வாட்டத்தை நூற்றுக்கு ஒன்று வைத்தோம், 135 அடிக்கு 16 இஞ்ச் இறக்கம். இந்தத் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 11,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு வாய்க்கால் கட்ட முடியாது. அப்படி ஒரு மழை வந்தால் தண்ணீர் தளத்தின் மேல் எந்த வழியாக ஓடி வெளியே போகும் என்பதை மட்டும் வரைபடத்தில் குறித்துவிடலாம், அந்த வழியில் சுவரோ ஆபீஸ் அறையோ கட்டாமல் இருக்கலாம். சாதாரண மழைக்கு ஓரத்தில் கனமான மூடியோடு வாய்க்கால். அதன் முடிவில் மூன்று அறைத் தொட்டி. ஆயில் மேலே மிதந்து முதல் அறைகளிலேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் தடுப்புச் சுவரின் அடிவழியாகப் போகும். கீழே இருப்பது ஊர்க் கண்மாய்க்குப் போகும் ஓடை. ஆடு மாடு குடிக்கிற தண்ணீர். யார்டு போடுகிற யாரும் இந்தத் தொட்டியைச் செலவு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

எப்போது போடுவது என்பதும் திட்டத்தின் பாதி. ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று அடிக்கும் அடியில்தான் கயத்தாறில் அத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் காற்றில் கான்கிரீட் போட்டால், இறுகும் முன்பே மேல் ஈரம் பறந்து முகமெல்லாம் கீறல் விழும். ஐப்பசி கார்த்திகை மழை. சித்திரை, வைகாசி வெயில் சொல்லவே வேண்டாம். ஆகவே தை, மாசி. அப்போது கரிசலும் அளவான ஈரத்தில் இருக்கும். ஊதும் வேகமும் இல்லை, வெடிப்பும் தொடங்கியிருக்காது. ரெடிமிக்ஸ் வண்டிகளை அதிகாலையில் வரச் சொல்லி, ஒன்றுவிட்டு ஒரு வரிசையாகப் போட்டோம். கலவை வந்ததும் பரப்புகிறவர்கள், "கொஞ்சம் தண்ணி விடுங்க, இழுக்க முடியல" என்பார்கள். அவர்கள் கஷ்டம் உண்மைதான், ஆனால் விடும் ஒவ்வொரு குடமும் வலிமையைக் குறைக்கும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனத்தைக் கலவை நிலையத்திலேயே சேர்க்கச் சொல்லி, எத்தனை இளக்கம் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். மேலே பளபளவென்று தேய்க்கவும் விடாதீர்கள். விளக்குமாறு கோடு போட்ட சொரசொரப்புதான் மழையில் சக்கரத்தைப் பிடிக்கும்.

ஜாயிண்ட் வெட்டும் கட்டர் மெஷின்காரரை மறுநாள் காலையில் வரச் சொல்வது வழக்கம். அதற்குள் கான்கிரீட் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வெடித்திருக்கும். ஓரம் பெயராமல் வெட்டும் அளவுக்கு இறுகியதும், அது ராத்திரி எந்த நேரமானாலும், வெட்டியாக வேண்டும். ஆழம் எட்டு இஞ்சில் இரண்டரை இஞ்சுக்குக் குறையக் கூடாது. ஆளையும் மெஷினையும் கான்கிரீட் போடும் நாளிலேயே யார்டில் இருக்க வையுங்கள், சாப்பாடும் ஏற்பாடு செய்யுங்கள். கூடவே இன்னொரு மெஷின் இருந்தால் நிம்மதி.

நீராற்றுவதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது, தோண்டி எடுத்துப் போட்டிருந்த அதே கரிசல். பலகைகளின் மேல் அதை வைத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம், ஒழுகவே இல்லை. பதினான்கு நாள் ஈரம் காயக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்குமிடத்தில் சோதிக்காமல் அதை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். நாங்கள் டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கினோம். லோடு வண்டி ஏறியது 28 நாள் கழித்துத்தான். வண்டிகளை வெளியே வாடகை இடத்தில் நிறுத்தும் செலவை முதலிலேயே திட்டத்தில் எழுதியிருந்ததால், "பத்து நாள் ஆச்சே, ஏத்தலாமே" என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

ஜாயிண்ட்களை அடைக்க மலிவான தார்க் கலவை வேண்டாம், டீசல் பட்டால் கரையும். டீசலைத் தாங்கும், ரப்பர் மாதிரியான பாலிசல்பைடு என்ற அடைப்புப் பொருளை வாங்கினோம். ஒவ்வொரு புரட்டாசியிலும், மழை தொடங்கும் முன், ஒரு ஆள் திருகுளியோடு எல்லா ஜாயிண்டையும் குத்திப் பார்த்து, விட்டுப்போன இடத்தில் புதிதாக அடைக்கிறார். போன தடவை மூன்று இடங்களில் அடைப்பு விலகியிருந்தது. மூன்றுமே கேட்டுக்கு அருகில், வண்டிகள் திரும்பும் இடத்தில் இருப்பவை. பலகைகளில் ஒன்றில் மட்டும் மயிரிழைக் கீறல் இருக்கிறது, வாய்க்கால் மூடியின் மூலையிலிருந்து கிளம்பியது. அது அகலமாகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் தேதி எழுதிக் கோடு போட்டுவைத்திருக்கிறோம்.